பத்து எண்ணிய பிறகு

உன் பெட்டி சூடேறினால் கருவாடு நாறுகிறது.

ஸ்பிரிட் போட்டுத் துடைத்துப் பார்த்துவிட்டேன். தகட்டின் மூலைகளைப் பழைய பல் தூரிகையால் தேய்த்தேன். ஆறிக் கிடக்கும்போது ஒன்றும் தெரிவதில்லை. சுவிட்சைப் போட்டு இரண்டு வால்வுகளும் மஞ்சளாக எரியத் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் நெத்தலி, செத்தல் மிளகாய், ஈரச் சாக்கு என்று உன் வீட்டு மேல்மாடி முழுவதும் அப்புத்தளையில் என் ஆசிரியர் விடுதி அறைக்கு வந்துவிடுகிறது. ஜன்னலைத் திறந்தால் பனிமூட்டம் உள்ளே வருகிறது. திறக்காவிட்டால் நீ.

செத்துப்போனவர்களுக்கு எழுதுகிறவர்கள் பெரும்பாலும் மன்னித்துவிட்டுத்தான் பேனாவை எடுக்கிறார்கள். அப்படிப்பட்ட எழுத்துகளை நிறைய வாசித்திருக்கிறேன். சிலவற்றுக்கு அழுதும் இருக்கிறேன். எனக்கு அது வரவில்லை. நீ போய் ஒரு வருடத்துக்கு மேலாகிறது, உன்மேல் இருக்கும் கோபம் அப்படியே இருக்கிறது. இந்தப் பெட்டியை உன் வீட்டில் வைத்துத் திறந்த நாளிலிருந்து இன்னும் கூடியிருக்கிறது. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

தொழில்நுட்பக் கல்லூரியில் உனக்குப் பக்கத்து மேசை எனக்குக் கிடைத்தது தற்செயல். நீ பதுளைக் கடைவீதியில் பலசரக்குக் கடை முதலாளியின் மகன். நான் நமுனுகுலப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் லயமொன்றிலிருந்து பஸ் ஏறி வருகிறவள். வானொலி அலையில் பொழுதுபோக்காகப் பேசுகிற ஹாம்களுக்கான அனுமதிப்பத்திரம் இரண்டு பேருக்கும் ஒரே பரீட்சையில் கிடைத்தது. ரேடியோ வாங்க உன்னிடம் வசதி இருந்தது, என்னிடம் இல்லை. அதனால் உன் வீட்டு மேல்மாடிதான் நம் நிலையம். கீழே கடை, மேலே பலகைத் தளத்தில் ஒரு பக்கம் சரக்கு மூட்டைகள், ஒரு பக்கம் சமையலறை, நடுவில் உன் மேசை.

பதுளை ஒரு சட்டியின் அடியில் கிடக்கிற ஊர். சுற்றிலும் மலை. நம் குரல் மலையில் முட்டிக்கொண்டு நின்றுவிடுகிறது என்று குறைப்பட்டாய். குரலுக்கு வலுக் கூட்டும் பெட்டி வேண்டும். லீனியர் என்று நாம் சொல்வது அதைத்தான். "நீ கட்டு, நான் சாமான் தேடித் தாறேன்" என்றாய். நமக்குள் இருந்த ஒப்பந்தம் அதுதான். அதை மறந்துவிடாதே.

சாமான் தேடுவதில் உனக்கு நிகர் இல்லை, அதை ஒத்துக்கொள்கிறேன். வால்வு இரண்டும் எங்கிருந்து வந்தன என்று கேட்டால் சிரிப்பாய். ட்ரான்ஸ்போமரை நான் பிரித்துத் திரும்பச் சுற்றினேன். தகடு வெட்டியதும் துளை போட்டதும் நான். முதலில் பெட்டி தானாகவே ஊளையிட்டது. யாரும் பேசாமலே வால்வுகளின் உடம்பு சிவந்துபோய், மீட்டர் முள் ஓரத்தில் போய் ஒட்டிக்கொண்டது. பல ஞாயிற்றுக்கிழமைகள் அதற்கே போயின. கடைசியில் ஒவ்வொரு வால்வின் உச்சியிலும் ஒரு சின்னச் சுருள் கம்பியைச் சேர்த்து அந்த ஊளையை அடக்கினேன். அப்போது நீ மூட்டைமேல் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தாய்.

முழு வலுவில் முதன்முதலாகப் பேசிப் பார்த்த அன்று கீழே வியாபாரம் நடந்துகொண்டிருந்தது. நீ மைக்கில் "ஹலோ, டெஸ்ட்" என்றாய். உன் அப்பாவின் குரல் பலகையைப் பிளந்துகொண்டு மேலே வந்தது.

"டேய்! மேல என்னடா பண்றீங்க? முக்கா கிலோ பருப்புக்கு தராசு நாலு கிலோ காட்டுது!"

நீ திரும்பவும் "டெஸ்ட்" என்றாய்.

"இப்ப ஒம்பதுடா!"

கடைக்கு வந்திருந்த யாரோ ஒருவர் நிதானமாகக் கேட்டது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. "ஏன் முதலாளி, வழக்கமா கொஞ்சூண்டுதானே கூட காட்டும்?"

நம் அலை தராசின் மின்கம்பி வழியாக உள்ளே போகிறது, அந்தக் கம்பியில் இரண்டு காந்த வளையங்களைக் கோத்துவிட்டால் நின்றுவிடும் என்று உனக்குச் சொன்னேன். நீ படிக்கட்டின் உச்சியில் நின்று, "சரி பண்ணிட்டேன்ப்பா!" என்று கத்தினாய். மைக் அப்போதும் உன் கையில்தான் இருந்தது. வளையங்களை நானே வாங்கிக் கொடுத்தேன். மாதங்கள் கழித்து அவை உன் மேசை லாச்சியில் பிரிக்காத பொதியாகக் கிடந்தன. கடை பூட்டியிருக்கும் நேரமாகப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்திருக்கிறாய்.

"அப்பாவுக்கு தராசு சரியா காட்டுது. எனக்கு பேச முடியுது. ஒனக்கு என்னா பிரச்சினை?" என்றாய்.

உன்னிடம் எதையும் கேட்டவர் யாரும் வெறுங்கையோடு திரும்பியதில்லை. அவரவர்க்கு வேண்டிய பதில் உன்னிடம் தயாராக இருக்கும். வேலைதான் நடந்திருக்காது.

பிளீடர் விஷயத்தை மறுபடியும் சொல்கிறேன். உயிரோடு இருக்கும்போது நீ அதை ஒழுங்காகக் கேட்டதில்லை. பெட்டிக்குள் பிஸ்கட் டின் அளவில் ஒரு கப்பாசிட்டர் இருக்கிறது. ஆயிரத்து ஐந்நூறு வோல்ட்டைப் பிடித்துவைக்கும் தொட்டி என்று வைத்துக்கொள். ப்ளக்கைக் கழற்றினாலும் தொட்டி காலியாகாது. அதனால் தொட்டிக்குக் குறுக்கே பீங்கான் குழாய் போன்ற ஒரு ரெசிஸ்டரைப் போடுகிறோம். பிளீடர் அதுதான். பெட்டி ஓடுகிற நேரமெல்லாம் அது சும்மா சூடாகிக்கொண்டிருக்கும். குரலுக்கு ஒரு பயனும் இல்லை. ப்ளக்கைக் கழற்றியபின் தொட்டியில் மிஞ்சியிருப்பதை வடித்துவிடுவது ஒன்றுதான் அதன் வேலை. பத்து எண்ணுவதற்குள் வடித்துவிடும்.

"சும்மா கெடந்து சூடாகுறதுக்கு எதுக்கு பொட்டிக்குள்ள எடம்?" என்று கேட்டாய்.

"ஒன்னய உயிரோட வச்சிருக்க."

"அதுக்குத்தான் எங்கம்மா இருக்காங்களே."

பிளீடரை மட்டும் நம்பக்கூடாது என்று, பிளாஸ்டிக் குழாயின் நுனியில் பித்தளைக் கொக்கி வைத்து, கொக்கியிலிருந்து பெட்டியின் உடம்புக்கு ஒரு கம்பியும் இழுத்து, ஒரு கோல் செய்து பெட்டியின் பக்கத்தில் மாட்டினேன். ப்ளக்கைக் கழற்று. பத்து எண்ணு. கோலால் தொடு. அதன் பிறகு கை. இதற்குமேல் விதி ஒன்றும் இல்லை.

"பூசாரி தோத்தாரு போ" என்றாய். "வேப்பெலையும் கட்டிக்க. உள்ள இருக்கிற பேய் ஓடிரும்."

கோலை நீ தொட்டதே இல்லை. எண்ணுவது மட்டும் உனக்குப் பிடித்துப்போனது. பள்ளிக்கூட உடற்பயிற்சி மாஸ்டர் மாதிரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "ஒண்ணேய்! ரெண்டேய்!" என்று வீடு முழுக்கக் கேட்கும்படி எண்ணுவாய். சமையலறையிலிருந்து உன் அம்மா, "பத்து! தொட்டுத் தொலடா!" என்று முடித்துவைப்பார். அந்த வீட்டில் நான் வாய்விட்டுச் சிரித்தது அப்போதுதான். உன் அம்மாவுக்கு என்னைப் பிடிக்காது. தோட்டத்துப் பொண்ணு என்பார், நான் இருக்கும்போதே. தேநீரை மட்டும் எனக்கென்று எடுத்துவைத்த ஒரு கோப்பையில் தருவார். நீ அதைப் பார்த்திருக்கிறாய். அவரிடம் ஒன்றும் சொன்னதில்லை. என்னிடம், "அம்மாகிட்ட பேசி சரி பண்ணிட்டேன்" என்றாய். அடுத்த வாரமும் அதே கோப்பை.

பிறகு அந்த 'நம்ம'. நாற்பது மீட்டர் அலையில் ஞாயிறு காலை தமிழில் பேசுகிறவர்கள் கூடுவார்கள். திருச்சியிலிருந்தும் மதுரையிலிருந்தும் குரல்கள் வரும். உன் குரல் வலுவாக வருகிறது, என்ன பெட்டி என்று ஒருவர் கேட்டார்.

"லீனியர் நம்ம கையால கட்டினதுங்க" என்றாய்.

"அட, அந்தக் கைக்கு ஒரு கும்பிடு போடணுமே!"

"நன்றிங்க, நன்றிங்க."

நான் உனக்குப் பக்கத்தில் ஈயம் பற்றவைக்கும் சூட்டுக்கோலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். விரலில் கொப்புளம். மைக்கை வைத்ததும் உன்னைக் கேட்டேன்.

"நம்ம கைன்னா யாரு கை?"

"நம்மன்னா நீயும்தானே புள்ள. தமிழ் தெரியாதா ஒனக்கு?"

தெரியும். 'எங்கள்' என்று சொல்லியிருந்தால் இரண்டு பேர் என்று அவருக்கு விளங்கியிருக்கும். 'என்' என்று சொல்லியிருந்தால் பொய் என்று எனக்கு விளங்கியிருக்கும். அவருக்கு ஒருமையாகவும் எனக்குப் பன்மையாகவும் கேட்கும் ஒரு சொல்லைத் தேடிப் பிடித்தாய். இலக்கணத்தில் உன்னைவிடக் கூடிய புள்ளி எடுத்தவள் நான். அந்த ஞாயிறு எனக்கு வாய் வரவில்லை.

விஞ்ஞான ஆசிரியையாக நியமனம் கிடைத்து நான் அப்புத்தளைக்கு வந்தேன். பெட்டி உன்னிடமே இருந்தது. மாதத்துக்கொரு முறை வந்து பார்ப்பேன், பிறகு அதுவும் குறைந்துபோனது.

அன்று போயா, பௌர்ணமி விடுமுறை. கடை பூட்டு. நீ காலையிலிருந்து பேசிக்கொண்டிருந்திருக்கிறாய். குரல் விட்டுவிட்டு வருகிறது என்று யாரோ சொன்னதும் ரேடியோவை நிறுத்தியிருக்கிறாய். ஒரு வால்வின் உச்சியில் மாட்டியிருக்கும் பிடி தளர்ந்திருந்தது. ப்ளக்கைக் கழற்றித் தரையில் போட்டாய். மூடியைத் திறந்தாய். எண்ணினாய். ஒரு கை தகட்டில், மற்றக் கை அந்தப் பிடியில்.

எனக்குச் செய்தி வந்தபோது விடுதியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். பஸ்ஸில் வரும்போது ஒன்றே ஒன்றுதான் மனதில் ஓடியது: எண்ணியிருக்கமாட்டான். அவசரப்பட்டிருப்பான். அப்படி நினைத்து உன்னைத் திட்டிக்கொண்டே வந்தேன். திட்டுவது அழுவதைவிட எளிதாக இருந்தது.

படியேறியதும் உன் அம்மா எழுந்து வந்தார். பெண்கள் பிடித்துப் பார்த்தார்கள், முடியவில்லை.

"எண்ணினான்டி! நீ சொல்லிக்குடுத்த மாதிரியே பத்து எண்ணினான்! நான் அடுப்படியில இருந்து கேட்டுகிட்டுத்தான் இருந்தேன். பத்துன்னான். அப்புறம் சத்தமே இல்ல." என் தோளைப் பிடித்து உலுக்கினார். "ப்ளக்கு தரையில கெடக்கு, போய்ப் பாரு! கரண்டே இல்லாத பொட்டி எப்படிடி கொல்லும்? என்னத்தடி உள்ள வச்சி கட்டின?"

அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள். அந்தப் பெட்டியைக் கட்டியவள் நான் என்று பதுளைக் கடைவீதிக்குத் தெரிந்தது அன்றைக்குத்தான். நீ இருந்தவரை அது 'நம்ம' பெட்டி. நீ போன அந்த நிமிடத்தில் அது முழுக்க என் பெட்டி ஆகிவிட்டது. அலையில் பேசுகிறவர்கள் மட்டும் இன்னும் அதை உன் கைவேலை என்றே புகழ்ந்துகொண்டிருந்தார்கள். உனக்காக ஒரு ஞாயிறு எல்லாரும் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்களாம்.

விசாரணைக்கு வந்தவர் மின்சாரம் தாக்கி மரணம் என்று எழுதினார். அது சரிதான். மூடியைத் திருப்பிப் போட்டு, ஒரு பழைய சேலையால் மூடி, அந்த மூலைக்கு யாரும் போகாமல் மூட்டைகளை அடுக்கினார்கள். நான் பார்க்கவேண்டும் என்று கேட்டேன். உன் அம்மா வாசலிலேயே வைத்துத் திருப்பி அனுப்பினார்.

அந்த வருடம் எப்படிப் போனது என்று உனக்குத் தெரியாது. நீ பத்து எண்ணினாய் என்றால் பிளீடர் வேலை செய்யவில்லை. பிளீடர் வேலை செய்யவில்லை என்றால் அதைப் போட்டவள் நான். பழைய சாமானிலிருந்து எடுத்தது. அளந்துதான் போட்டேன். ஆனால் உள்ளே இருக்கும் மெல்லிய கம்பி சூட்டில் எப்போதாவது அறுந்துபோயிருந்தால்? இரண்டாவதாக ஒன்றைப் பக்கத்தில் போட்டிருக்கலாமே? இந்தக் கேள்வியோடுதான் வகுப்புக்குப் போனேன். ஏழாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு பற்றரியும் பல்பும் வைத்து மின்சுற்றுக் கட்டிக் காட்டிக்கொண்டிருந்தபோது ஒரு பிள்ளை எழுந்து, "டீச்சர், அம்மா தொட வேணான்னு சொன்னாங்க" என்றது. கதை மலையேறி வந்துவிட்டது. ஒன்றரை வோல்ட் பற்றரி அது. அதிபர் நல்லவர், தயங்கித் தயங்கித்தான் சொன்னார்: "கொஞ்ச நாளைக்கு இந்தப் பாடத்த போர்ட்லயே நடத்துங்க டீச்சர். பெத்தவங்க வந்து பேசுறாங்க." பஸ் நிறுத்தத்தில் என் முதுகுக்குப் பின்னால் 'கரண்டு டீச்சர்' என்றார்கள். என் அம்மா லயத்திலிருந்து போன் பண்ணி, "நெசமாவே நீ செஞ்சதுலதானாடி?" என்று கேட்டாள். தெரியாது என்றேன். தெரியாது என்பதுதான் அப்போது உண்மை.

உன் திவசம் நெருங்கும் சமயம் உன் அப்பா அழைத்தார்.

"அம்மா, அந்தப் பொட்டிய எடுத்துகிட்டு போயிருங்க. அத வீட்டுல வச்சிகிட்டு திவசம் பண்ண முடியாதுங்குறா."

"எடுத்துக்கிறேங்க முதலாளி. ஆனா அங்கயே, ஒங்க ரெண்டு பேரு முன்னாடியும் தொறந்து பாத்துட்டுத்தான் எடுப்பேன்."

"வாங்க" என்றார்.

உன் அம்மா சமையலறை நிலையில் சாய்ந்து நின்றார். மெலிந்துபோயிருந்தார். "இன்னும் யாரு மிச்சம்? என்னயும் கூப்புட்டு தொடச் சொல்லு" என்றார். கோல் மாட்டிய இடத்திலேயே தூசி படிந்து தொங்கியது. மூடியைத் திறந்து, கோலின் கொக்கியால் கப்பாசிட்டரைத் தொட்டேன். ஒரு பொறிகூடப் பறக்கவில்லை. இருந்ததையெல்லாம் நீ வாங்கிக்கொண்டு போய்விட்டாய்.

டோர்ச் அடித்துப் பிளீடரைத் தேடினேன். கருகிப்போயிருக்கும், வெடித்திருக்கும் என்று நினைத்தேன். புதிது மாதிரி இருந்தது. மீட்டரை வைத்து அளந்தேன். நான் போட்ட அன்று காட்டிய அதே அளவு. பிறகுதான் அதன் ஒரு காலைப் பார்த்தேன்.

வெட்டியிருந்தாய். கூரான கம்பிவெட்டியால், ஒரே வெட்டு. வெட்டிய நுனி எங்கேயும் பட்டுவிடக்கூடாது என்று சிவப்பு நிற பிளாஸ்டிக் உறையை வேறு போட்டு, அழகாகப் பக்கத்தில் மடித்துவைத்திருந்தாய். அந்தப் பெட்டியில் உன் கையால் நடந்த வேலை அது ஒன்றுதான், அவ்வளவு சுத்தமான வேலை. அதன் பிறகும் எண்ணினாய். பிளீடரை வெட்டிவிட்டு, பிளீடருக்காக எண்ணியிருக்கிறாய்! பாட்டு மாதிரி மனப்பாடமாகிப்போன எண்ணிக்கை. எதற்காக எண்ணுகிறோம் என்பது உனக்கு நினைவே இல்லை.

உன் அப்பா குனிந்து பார்த்தார். "என்னம்மா இது?"

"கரண்ட வடிச்சுவிடுற சாமான் முதலாளி. இது இருந்தா பத்து எண்ணினதும் தொடலாம். இத வெட்டி விட்டிருக்கு."

"எலி கடிச்சிருக்குமோ? மேல எலி ஜாஸ்தி."

"எலி உறை போடாதுங்க முதலாளி."

அவர் கிழங்கு மூட்டையின்மேல் உட்கார்ந்துவிட்டார். "அப்ப அவனேதானா" என்றார். கேள்வியாகச் சொல்லவில்லை.

ஒரு வருடமாக நான் கேட்கக் காத்திருந்த சொல் அது. நிமிர்ந்து உன் அம்மாவைப் பார்த்தேன். அவர் முகம் உடைவதைப் பார்க்கவேண்டும் என்று எனக்கு ஆசையாகவே இருந்தது. இதை மறைக்கப்போவதில்லை.

"எதுக்கு வெட்டினான்?" என்று கேட்டார்.

"பொட்டியில எப்பவும் சூடாவே இருக்கிற சாமான் இதுதாங்கம்மா" என்றேன். அந்த வாக்கியத்தைத் தொடர்ந்து நான் வேறு ஏதோ சொல்லவிருந்தேன். அவர் நிலையைப் பிடித்துக்கொண்டதைப் பார்த்து நிறுத்தினேன்.

"நான்தான் சொன்னேன்" என்றார். குரல் மிகச் சின்னதாக வந்தது. "பொட்டி அடுப்பு மாதிரி கொதிக்குது, பக்கத்துல சாக்கு மூட்ட, பத்திகிச்சின்னா என்னடா பண்ணுவன்னு. எண்பத்து மூணு கலவரத்துல எங்கப்பா கட எரிஞ்சத தெருவுல நின்னு பாத்தவ நான். அந்த வாசம் வந்தா எனக்கு தூக்கம் வராது. ஒண்ணு அத நிறுத்து, இல்ல நான் என் தம்பி வீட்டுக்கு போறேன்னேன். மறுநாளே வந்து, சரி பண்ணிட்டேன்மா, தொட்டுப் பாருன்னான். தொட்டுப் பாத்தேன். சூடு கொறஞ்சுதான் இருந்துச்சு." அவர் என்னைப் பார்த்தார். "அப்ப நான் சொன்னதாலயா?"

இந்த இடத்தில்தான் உன்மேல் எனக்கு வந்த கோபத்துக்குப் பெயர் இல்லை. எனக்கு ஒரு போன் போதும். 'அம்மா பயப்படுறாங்க, பெட்டி சூடாகுது' என்று ஒரு வார்த்தை. அடுத்த சனிக்கிழமை வந்து ஒரு சின்ன விசிறியைப் பூட்டிவிட்டுப் போயிருப்பேன். அவரிடம், 'முடியாதும்மா, அது இருக்கவேண்டிய சாமான்' என்று சொல்லியிருக்கலாம். இரண்டு பேரில் ஒருவருடைய முகச்சுளிப்பை நீ தாங்கிக்கொண்டிருக்கவேண்டும். உனக்கு அதற்கு நெஞ்சு இல்லை. எல்லாருக்கும் நல்ல பிள்ளையாக இருந்து முடித்துவிட்டு, இந்தக் கேள்வியை என் முன்னால் நிறுத்திவிட்டுப் போய்விட்டாய்.

உன் அப்பா மூட்டையில் உட்கார்ந்தபடியே தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார்.

"இல்லங்கம்மா" என்றேன். "இத வெட்டினா வோல்ட்டேஜ் கொஞ்சம் கூடும். இன்னும் தூரத்துக்கு பேசலாம். அந்த ஆசையில வெட்டியிருக்கான்."

"சூட்டுக்காக இல்லியா?"

"சூட்டுக்குன்னா வெசிறி போட்டிருப்பான். அவனுக்கு தெரியாதா?"

அவர் அதைக் கொஞ்ச நேரம் மனதில் வைத்துப் பார்த்தார். பிறகு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உன்னைத் திட்டத் தொடங்கினார். பேராசை புடிச்ச பயலே என்றார். பேசி எவளப் புடிக்கப் போன என்றார். பெத்த வயிற்றில் நெருப்பைக் கட்டிவிட்டுப் போன பாவி என்றார். ஒரு வருடம் எனக்கு வந்த வசவெல்லாம் உரியவன் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. நான் தடுக்கவில்லை. உனக்காக ஒரு வார்த்தைகூடப் பரிந்து பேசவில்லை. நீ செய்யாத ஒன்றுக்காகத்தான் திட்டு வாங்கினாய், அது எனக்கு இனித்தது.

உன் அப்பா பெட்டியைத் தானே தூக்கி த்ரீவீலரில் ஏற்றினார். கடைவீதியில் அவர் என்ன சொன்னாரோ, கதை வந்த வழியிலேயே திரும்பிப் போயிருக்கிறது. அதிபர் ஆய்வுகூடச் சாவியைத் தந்துவிட்டார். ஏழாம் ஆண்டுப் பிள்ளைகள் பல்பு எரித்துப் பார்த்துவிட்டார்கள். பெட்டியில் பிளீடர் இரண்டு போட்டேன், விசிறியும் பூட்டினேன். போன ஞாயிறு முதன்முதலாக என் குரலில் நாற்பது மீட்டருக்குப் போனேன். உன் பெட்டியா என்று மதுரைக்காரர் ஒருவர் கேட்டார். நான் கட்டியது என்றேன். நண்பர் தன் கையால் கட்டியதாகச் சொன்னாரே என்றார். 'நான் கட்டினேன்' என்று ஒருமையில் திருப்பிச் சொன்னேன்.

உன் அம்மா இப்போது எனக்குப் போன் பண்ணுகிறார். முதலில் வாரத்துக்கொரு முறை, இப்போது இன்னும் அடிக்கடி. இதை எழுதிக்கொண்டிருக்கும்போதும் வந்தது.

"சாப்ட்டியா புள்ள?"

"சாப்ட்டேங்கம்மா."

"அங்க குளுரா?"

"குளுருதுங்கம்மா. பனி."

அதன் பிறகு ஒரு இடைவெளி விழும். என்ன வரப்போகிறது என்று எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும்.

"இல்ல, சும்மாதான் கேக்குறேன். அது சூட்டுக்காக இல்லதானே?"

'சரி பண்ணிட்டேன்மா' என்று நீ ஒரே ஒரு தடவை சொல்லிவிட்டுத் தப்பித்துக்கொண்டாய். நான் அவர் கேட்கும்போதெல்லாம், குரல் ஒருநாளும் மாறாமல், யோசிக்கிற மாதிரிகூட நேரம் எடுக்காமல் சொல்லவேண்டும்.

"இல்லங்கம்மா" என்றேன். "நிம்மதியா தூங்குங்க."